கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதா? பெரியவர்களின் கண்ணீர்க் குழாய் அடைப்புக்கு ஒரு வழிகாட்டி

ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு, அதிலும் பெண்களுக்கு, ஒரு கண்ணில் எந்நேரமும் நீர் கோத்துக்கொண்டே இருக்கும். புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துக் கீழிமை ஓரம் சிவந்து புண்ணாகிவிடும். மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுவார்கள். நாலு நாள் குறைந்த மாதிரி இருக்கும், மறுபடி வடியும். இப்படியே இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். வடிகால் அடைத்துக்கொண்ட வீட்டில் எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் தண்ணீர் இறங்காது, நாற்றம்தான் கொஞ்சம் அடங்கும். கண்ணிலும் அதே கதைதான். சொட்டு மருந்து கிருமியைக் குறைக்கும், குழாயைத் திறக்காது. எந்தச் சொட்டு போடலாம் என்று கேட்பதற்கு முன், எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். இடம் தெரிந்துவிட்டால் சிகிச்சையில் முக்கால்வாசி முடிவாகிவிடும்.

கண்ணீர் போகும் வழி

கண்ணாடி முன் நின்று கீழிமையைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். மூக்கை ஒட்டிய முனையிலிருந்து ஏறக்குறைய 6 மி.மீ. தள்ளி, இமை ஓரத்தில் சின்ன மேடும் அதன் நடுவில் ஊசிமுனை அளவு துளையும் தெரியும். மேலிமையிலும் இதே போல் ஒன்று உண்டு. இவைதான் கண்ணீர்த் துளைகள். துளையின் அகலம் சுமார் 0.3 மி.மீ.தான். அங்கிருந்து ஒரு நுண்குழாய் 2 மி.மீ. செங்குத்தாக இறங்கி, மூக்கின் பக்கம் திரும்பி 8 மி.மீ. போகும். மேல் குழாயும் கீழ் குழாயும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றாகச் சேர்ந்து கண்ணீர்ப் பையில் நுழையும். பை மூக்கெலும்பை ஒட்டிய குழிக்குள் இருக்கிறது, உயரம் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல். பையின் அடியிலிருந்து எலும்புக்குள் ஓடும் கண்ணீர்க் குழாய் மூக்கின் உள்ளே, கீழ்ப்பக்கத்தில் திறக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டால் தொண்டை கசப்பது இந்த வழியாக மருந்து இறங்குவதால்தான்.

நீர் தானாக இறங்குவதில்லை. நாம் இமைக்கும் ஒவ்வொரு முறையும் இமைத் தசை சுருங்கி, ஒரு சின்ன பம்பு போல நீரை உள்ளே தள்ளுகிறது. முகவாதம் வந்து இமை சரியாக மூடாதவர்களுக்குக் குழாய் திறந்திருந்தும் நீர் வடிவது இதனால்தான்.

பெரியவர்களுக்கு வரும் அடைப்பில் மிக அதிகமாகக் காண்பது பைக்குக் கீழே, எலும்புக்குள் ஓடும் குழாயில் வருவது. குழாயின் உட்சுவர் நாட்பட அழற்சியால் தடித்து, கடைசியில் தழும்பாகி மூடிக்கொள்கிறது. பெண்களுக்கு அந்த எலும்புக் கால்வாய் இயல்பிலேயே குறுகலாக இருப்பது அவர்களிடம் இது அதிகமாக வருவதற்கு ஒரு காரணம்.

முதல் வேலை: வடிவது எப்படி என்று கவனிப்பது

மருத்துவமனைக்குப் போகும் முன் ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளும் இவைதான்.

ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வடிகிறதா, அல்லது வண்டியில் காற்று படும்போதும் டி.வி., செல்போன் பார்க்கும்போதும் மட்டுமா? கன்னத்தில் வழிந்து விழுகிறதா, அல்லது கண்ணுக்குள் கோத்து நிற்கிறதா? காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறதா? எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல் உண்டா?

ஒரு கண்ணில் மட்டும், வீட்டிலும் வெளியிலும் ஒரே மாதிரி, எரிச்சல் இல்லாமல் வழிந்துகொண்டே இருந்தால் அடைப்பின் பக்கம் சந்தேகம் போகலாம். இரண்டு கண்ணிலும் எரிச்சலோடு, காற்றிலும் திரை பார்க்கும்போதும் வடிந்தால் பெரும்பாலும் அது கண் வறட்சி. வறண்ட கண்ணில் எப்படி நீர் வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கண்ணின் மேல் படிந்திருக்கும் நீர்ப்படலம் சீக்கிரம் உடைந்துபோனால் கருவிழி உறுத்தும், அந்த உறுத்தலுக்குக் கண் மொத்தமாக நீரைக் கொட்டும். அதற்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும், இமை ஓரத்தைச் சுத்தம் செய்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் போதும். அறுவைச் சிகிச்சை தேவையே இல்லை.

இனி விரலால் ஒரு சோதனை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுட்டுவிரல் நுனியைக் கண்ணின் மூக்கோர முனைக்குச் சற்றுக் கீழே, எலும்பு விளிம்புக்கு உட்புறமாக வையுங்கள். கண்ணாடியில் கண்ணீர்த் துளையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். துளை வழியாகக் கோழை போன்ற வெள்ளையோ மஞ்சளோ திரும்பி வந்தால் பைக்குக் கீழே அடைப்பு இருக்கிறது, பையில் நீர் தேங்கிக் கெட்டுப்போயிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மருத்துவரும் முதலில் இதைத்தான் செய்து பார்ப்பார். அதனால் மருத்துவமனைக்குப் போகும் நாளில் வீட்டில் அழுத்தி வெளியே எடுத்துவிட்டுப் போகாதீர்கள். அவர் அழுத்தும்போது ஒன்றும் வராது, அடைப்பு கண்ணில் படாமல் தப்பிவிடலாம்.

அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டாலே வலித்தால் அழுத்தவே கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

செய்யக் கூடாதவை

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டுகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. போட்டவுடன் சிவப்பு குறைவதால் நல்ல மருந்து என்று தோன்றும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், கண்புரையும் சீக்கிரம் வரும். கண் நீர் வடிந்ததற்கு மருந்து போடப்போய்ப் பார்வையை இழப்பது மிகவும் வேதனையான விஷயம். பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று எதாவது இருந்தால் மருத்துவர் எழுதிக் கொடுத்த நாளுக்கு மேல் ஒரு நாள்கூடப் போடாதீர்கள்.

தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். தேங்கி நிற்கும் நீரில் இவை கிருமிக்கு உணவாகும். கண் மையும் இதில் சேரும். இமையின் உட்புற ஓரத்தில் தினமும் தீட்டும் மை துளை வழியாக இறங்கி நுண்குழாயிலும் பையிலும் கறுப்பாகப் படிந்து கிடப்பதை அறுவைச் சிகிச்சையின்போது பார்க்க முடிகிறது.

கைக்குழந்தைக்குக் கண்ணில் நீர் வடிந்தால் மூக்கோரம் நீவிவிடச் சொல்வார்கள், அது பெரும்பாலான குழந்தைகளுக்குப் பலனளிக்கும். குழந்தைக்கு அடைப்பது குழாயின் கடைசியில் இருக்கும் மெல்லிய சவ்வு, நீவும்போது அது கிழிந்துவிடும். பெரியவர்களுக்கு அடைப்பது தழும்பு. எத்தனை மாதம் நீவினாலும் அது திறக்காது.

மருத்துவமனையில் நடப்பது

எல்லாக் கண் மருத்துவர்களும் முதல் பரிசோதனையைச் செய்வார்கள். அடைப்பு உறுதியானால் இமை, கண்ணீர்ப் பாதை இரண்டுக்குமான சிறப்பு மருத்துவரிடம் போவது நல்லது. பெரிய கண் மருத்துவமனைகளில் ‘ஆர்பிட் மற்றும் ஆக்குலோபிளாஸ்டி’ என்ற பெயரில் தனிப் பிரிவு இருக்கும். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் நேரே அந்தப் பிரிவைக் கேட்டுப் போகலாம்.

போகும்போது இவற்றை மறக்காமல் சொல்ல வேண்டும்: முகத்தில் அடிபட்டு எலும்பு முறிந்ததா, சைனஸ் அறுவை நடந்ததா, தைராய்டு புற்றுக்குக் கதிர்வீச்சு அயோடின் எடுத்தீர்களா, மார்பகப் புற்றுக்கு டோசிடாக்செல் ஊசி போட்டீர்களா, கண் அழுத்தத்துக்கு வருடக்கணக்கில் சொட்டு போடுகிறீர்களா. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் அடைக்கும். டோசிடாக்செல் நுண்குழாய்களையே சுருக்கிவிடும். ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே நீர் வடிய ஆரம்பித்தால் உடனே கண் மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் ஒரு சிலிக்கான் குழாய் வைத்து வழியைக் காப்பாற்ற முடியும். முழுவதும் மூடிய பிறகு சிகிச்சை மிகவும் கடினம்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் இருப்பவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: குளம், ஊருணியில் குளிக்கும் வழக்கம் உண்டா? மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறதா, சதை வளர்ந்திருக்கிறதா? ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற கிருமித் தொற்று இந்தப் பகுதிகளில்தான் அதிகம். அது கண்ணீர்ப் பையிலும் வளரும். பையை அழுத்தும்போது ரத்தம் கலந்த நீர் வருவது இதன் அடையாளங்களில் ஒன்று. இதற்குப் பாதை திறக்கும் வழக்கமான அறுவை பொருந்தாது, பையை முழுதாக எடுக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே தெரியாமல் கத்தி வைத்தால் ரத்தப்போக்கு அதிகமாகும்.

முதலில் இமையைப் பார்ப்பார்கள். இமை வெளியே புரண்டிருந்தால் துளை கண்ணை விட்டு விலகி நிற்கும், நீர் அதற்குள் போகாது. இமை முடி உள்பக்கம் குத்தினாலும் நீர் வரும். பிறகு மஞ்சள் நிறச் சாயத்தை இரண்டு கண்ணிலும் ஒரே அளவு வைத்து, 5 நிமிடம் கழித்து நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நல்ல கண்ணில் சாயம் வடிந்து போயிருக்கும், அடைத்த கண்ணில் பச்சையாகத் தேங்கி நிற்கும். இதில் வலியே கிடையாது.

அடுத்தது முக்கியமான சோதனை. ‘சிரிஞ்சிங்’ என்பார்கள், முகாம்களில் ‘டக்ட் டெஸ்ட்’ என்பார்கள். மரத்துப்போகும் சொட்டு ஒன்றிரண்டு விட்டு ஒரு நிமிடம் பொறுப்பார்கள். கீழிமையை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து, கூர்மழுங்கிய ஒரு கம்பியால் துளையை லேசாக விரிப்பார்கள். கம்பி முதலில் 2 மி.மீ. நேரே கீழே இறங்கும், பிறகு மூக்கின் பக்கம் படுக்கும். அதன்பின் 2 மி.லி. சிரிஞ்சில் உப்புநீர் எடுத்து, முனை மழுங்கிய மெல்லிய ஊசியை அதே வழியில் செலுத்தி மெதுவாகத் தள்ளுவார்கள். ஒரு அழுத்தம் தெரியும், குத்துவது போல் இருக்காது. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான்: தலையை ஆட்டாமல் இருங்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் உடனே சொல்லுங்கள், அல்லது விழுங்கிக் காட்டுங்கள்.

இந்த ஒரு சோதனையில் அடைப்பின் இடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். உப்பு தொண்டைக்கு வந்தால் வழி திறந்திருக்கிறது. ஊசி எலும்பில் கெட்டியாக முட்டுகிறது, தண்ணீர் மேல் துளை வழியாகக் கோழையோடு திரும்புகிறது என்றால் நுண்குழாய் நன்றாக இருக்கிறது, பைக்குக் கீழேதான் அடைப்பு. ஊசி எலும்பைத் தொடும் முன்பே மெத்தென்று ஏதோ தடுக்கிறது, தண்ணீர் போன துளை வழியாகவே தெளிவாகத் திரும்புகிறது என்றால் நுண்குழாயிலேயே அடைப்பு. ‘எனக்கு எலும்பில் முட்டியதா, முன்னாலேயே நின்றதா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறுவைச் சிகிச்சை எளிதா, சிக்கலா என்பது இந்தப் பதிலில் இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிரிஞ்சில் தள்ளும் அழுத்தம் இமை தள்ளும் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் பாதி சுருங்கிய குழாயிலும் தண்ணீர் தொண்டைக்குப் போய்விடும். ‘டக்ட் நல்லா இருக்கு’ என்று சீட்டில் எழுதியிருந்தும் நீர் வடிவது நிற்கவில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டாம். சாயச் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள், சுருக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூக்கின் உள்ளே எண்டோஸ்கோப்பால் பார்ப்பதும் அவசியம். சதை வளர்ச்சியோ, நடுத்தண்டு வளைவோ இருந்தால் அறுவைக்கு முன்பே தெரிய வேண்டும். சி.டி. ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. அடிபட்டவர்களுக்கும், ரத்தம் கலந்த நீர் வருபவர்களுக்கும், வீக்கம் கண்ணின் உள்முனைக்கு மேலே தெரிபவர்களுக்கும் கட்டாயம் தேவை. உள்முனைக்கு மேல் கெட்டியாக ஒரு கட்டி இருந்தால் புற்று இல்லை என்று உறுதி செய்யும்வரை ஓயக்கூடாது.

இடத்துக்கு ஏற்ற சிகிச்சை

துளை மட்டும் சுருங்கியிருந்தால் வெளிநோயாளியாகவே சரிசெய்துவிடலாம். கம்பியால் விரிப்பதோடு நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி சுருங்கும். துளையின் பின்சுவரில் சின்னதாக வெட்டி அகலப்படுத்துவது நிலைக்கும். இமை புரண்டிருந்தால் இமையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பைக்குக் கீழே பாதி அடைப்பு என்றால் சிலிக்கான் குழாய் வைப்பதும், சின்ன பலூனை உள்ளே விட்டு விரிப்பதும் உதவும். முழு அடைப்புக்கு இவை நிலைப்பதில்லை. ‘கம்பி விட்டு அடைப்பு எடுத்துவிடலாம், ஆபரேஷன் வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், பாதி அடைப்பா முழு அடைப்பா என்று முதலில் கேளுங்கள்.

முழு அடைப்புக்கு நிலையான தீர்வு டி.சி.ஆர். என்ற அறுவைச் சிகிச்சை. அடைத்த குழாயைத் தோண்டி எடுப்பதில்லை. கண்ணீர்ப் பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் எலும்பில் ஒரு சன்னல் திறந்து, பையை நேரடியாக மூக்கோடு இணைத்துவிடுவார்கள். பழைய குழாய் அப்படியே கிடக்கும், நீர் புது வழியில் போகும். இத்தாலிய மருத்துவர் அடேயோ டோட்டி 1904-இல் தோலின் வழியாக இதைச் செய்து எழுதினார். பையின் சவ்வையும் மூக்கின் சவ்வையும் சேர்த்துத் தைக்கும் முறை 1921-இல் பிரான்சிலிருந்து வந்தது. இன்றும் அடிப்படை அதேதான்.

இரண்டு வழிகளில் செய்யலாம். வெளிவழியில் மூக்கின் ஓரத்தில் ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாகக் கீறி, சுமார் ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு எலும்பைத் திறப்பார்கள். கைதேர்ந்தவர்கள் செய்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் கிடைக்கிறது. தழும்பு சில மாதங்களில் மூக்கோரச் சுருக்கத்தோடு கலந்து பெரிதாகத் தெரியாது. உள்வழியில் எண்டோஸ்கோப்பை மூக்குக்குள் விட்டுச் செய்வார்கள். வெளியே தழும்பே கிடையாது, இமையின் பம்புத் தசையும் தொடப்படுவதில்லை, வளைந்த நடுத்தண்டை அதே நேரத்தில் சரிசெய்யலாம். நல்ல கையில் வெற்றி வெளிவழிக்குச் சமமாகவே இருக்கிறது. லேசரால் செய்வதும் உண்டு. அதில் திறக்கும் துளை சிறியது, சீக்கிரம் மூடிக்கொள்ளும். லேசர் என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். எந்த வழி என்பதைவிட, அந்த மருத்துவர் எந்த வழியை வாடிக்கையாகச் செய்கிறார் என்பதுதான் முக்கியம் என்று நாங்கள் கருதுகிறோம்.

வயது மிக அதிகம், உடல்நிலை தாங்காது, கண் வறண்டிருக்கிறது என்றால் பையை மட்டும் எடுத்துவிடும் டி.சி.டி. போதும். சீழ் நின்றுவிடும். நீர் வடிவது நிற்காது. இதை முன்பே தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். ‘ஆபரேஷன் செய்தும் தண்ணி வருதே’ என்ற வருத்தம் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் விட்டதால் வருகிறது.

அறுவைக்கு முன்னும் பின்னும்

பெரியவர்களுக்குப் பொதுவாக அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடுகிறார்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். எலும்பைத் திறக்கும்போது கடகடவென்று சத்தம் மண்டைக்குள் கேட்கும். வலி இருக்காது, ஆனால் முன்பே தெரியாவிட்டால் பயந்துபோவோம். தொண்டையில் ஈரம் இறங்குவது போல் இருந்தால் கையை அசைக்காமல் வாயால் சொல்லுங்கள்.

இந்த அறுவையின் பெரிய எதிரி ரத்தப்போக்கு. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், காலை மாத்திரையை விடக்கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை சாப்பிடுபவர்கள் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் சாப்பிடவும் கூடாது. எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். சர்க்கரையும் பார்ப்பார்கள். மூக்குப்பொடி போடும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், புது வழி திறக்கப்போவது அந்த மூக்கில்தான்.

முடிந்ததும் மூக்கில் துணி அடைத்திருப்பார்கள். மறுநாள் எடுப்பார்கள். அதுவரை வாயால் மூச்சு விட வேண்டும், உதடு காயும், அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். முதல் நாள் எல்லாம் ஆறிய சாப்பாடுதான்: மோர் சாதம், ஆறிய கஞ்சி. கொதிக்கிற காபி, ரசம் மூக்கின் ரத்தக் குழாய்களை விரித்து ரத்தம் வரவைக்கும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தவே கூடாது. எல்லோரும் தவறுவது இங்கேதான். மூக்கு அடைத்த மாதிரி இருக்கும், கை தானாகப் போகும். சிந்தினால் ரத்தம் வரும், காற்று கண் இமைக்குள் ஏறி வீங்கும். உப்புநீர் ஸ்பிரே கொடுத்திருப்பார்கள், அதை அடித்து மெதுவாக உள்ளிழுத்து வாயால் துப்புங்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது, முக்கி மலம் கழிப்பது எல்லாம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். குளத்திலோ ஆற்றிலோ முங்கிக் குளிப்பதை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஒத்திவையுங்கள்.

முதல் இரண்டு நாள் மூக்கில் ரத்தச் சாயம் கலந்த நீர் சொட்டுவது இயல்பு. ஓயாமல் சிவப்பாக ஓடினால், நிமிர்ந்து உட்கார்ந்து தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நிற்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏறக்குறைய ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். உள்வழியில் செய்தவர்களுக்குத் தையல் இல்லை, ஆனால் மூக்கில் கட்டும் பொருக்கை எண்டோஸ்கோப் வைத்து எடுத்தாக வேண்டும். வலி இல்லையே என்று இந்த முறை போகாமல் இருந்தால் பொருக்கு ஒட்டிப் புது வழியை மூடிவிடும்.

சிலருக்குச் சிலிக்கான் குழாய் வைத்திருப்பார்கள். மேல் துளைக்கும் கீழ் துளைக்கும் நடுவில் மீன்பிடி நரம்பு போல ஒரு சின்ன வளையம் கண்ணாடியில் தெரியும், அதுதான். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எடுப்பார்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள், துடைக்கும்போது மூக்கின் பக்கமாக ஒற்றி எடுங்கள். தூக்கத்தில் வளையம் வெளியே நீண்டு கன்னத்தில் தொங்கினால் பதறி இழுக்கவோ வெட்டவோ வேண்டாம். வெட்டினால் மீதி உள்ளே ஓடிவிடும். நீண்ட பகுதியைக் கன்னத்திலோ மூக்கிலோ டேப் போட்டு ஒட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அவர் உள்ளே தள்ளிவிடுவார்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கண்ணின் உள்முனைக்குக் கீழே திடீரென்று சிவந்து, நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, தெறிக்கும் வலியோடு காய்ச்சலும் வந்தால் பை சீழ் பிடித்துவிட்டது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிருமிக்கொல்லி மாத்திரையோ ஊசியோ கொடுப்பார்கள், வெந்நீர் ஒத்தடம் சொல்வார்கள். இந்த நேரத்தில் யாரும் ஊசி விட்டுக் கழுவக் கூடாது, கிருமி சுற்றுத் தசைக்குள் பரவிவிடும். வீக்கத்தைப் பிதுக்கினால் தோல் உடைந்து, கன்னத்தில் நீர் ஒழுகும் ஓட்டை நிரந்தரமாகிவிடும். கண் பிதுங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, பார்வை குறைந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். வீக்கம் அடங்கிய சில வாரங்களில் டி.சி.ஆர். செய்துகொள்ளுங்கள். விட்டால் மறுபடி வரும்.

விவசாய வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பையில் சீழ் தேங்கியிருக்கும்போது நெல் தாளோ சோளத் தோகையோ கண்ணில் கீறினால், சாதாரணமாக ஆறிப்போகும் கீறல் அந்தச் சீழில் இருக்கும் கிருமியால் கருவிழிப் புண்ணாக மாறி, சில நாட்களில் கண்ணையே துளைத்துவிடும். அறுவடைக்கு முன் அடைப்பைச் சரிசெய்துகொள்வது கண்ணைக் காக்கும். அதுவரை வயலில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

முகாமில் கண்புரை அறுவைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, ‘டக்ட் அடைப்பு இருக்கிறது, இப்போது செய்ய முடியாது’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மனம் நொந்துபோகிறார்கள். அது அவர்களைத் தட்டிக்கழிப்பதில்லை. அந்தப் பையின் கிருமி அறுவையின்போது கண்ணுக்குள் போனால் பார்வை மொத்தமாகப் போய்விடும். முதலில் பையைச் சரிசெய்து, வழி சுத்தமானதும் சில வாரம் கழித்துக் கண்புரையை எடுக்கலாம். தள்ளிப்போடாமல் வரிசையாகச் செய்துகொள்ளுங்கள்.

மறுபடி வடிந்தால்

டி.சி.ஆர். செய்தும் வடிந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: திறந்த சன்னலைத் தழும்போ சதைத் துளிரோ மூடியிருக்கும், சன்னல் மேலே திறக்கப்பட்டுப் பையின் அடியில் நீர் தேங்கும், அல்லது நுண்குழாய்கள் சேரும் இடம் அடைத்திருக்கும். எண்டோஸ்கோப்பால் மூக்குக்குள் பார்த்தால் தெரிந்துவிடும். மறு அறுவையில் மைட்டோமைசின் மருந்தைச் சில நிமிடம் தடவித் தழும்பைக் குறைக்கிறார்கள். ஒருமுறை தோற்றால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மேல், கீழ் நுண்குழாய் இரண்டுமே முழுதாக மூடியிருப்பவர்களுக்குக் கண்ணின் உள்முனையிலிருந்து மூக்குக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் வைப்பார்கள். அது வாழ்நாள் முழுதும் இருக்கும். தும்மும்போது விரலால் அந்த முனையைப் பொத்திக்கொள்ள வேண்டும், இல்லையேல் குழாய் தெறித்துவிடும்.

வழி நன்றாகத் திறந்துவிட்டால், ஆறிய பிறகு மூக்கைச் சிந்தும்போது கண் முனையில் காற்று லேசாகக் குமிழிடும். இதற்குப் பயப்பட வேண்டாம், சன்னல் திறந்திருக்கிறது என்று பொருள். கண் அழுத்தத்துக்கோ வேறெதற்கோ சொட்டு போட வேண்டி வந்தால், அது முன்னைவிடச் சீக்கிரம் மூக்குக்கு இறங்கும். சொட்டு விட்டவுடன் கண்ணை மூடி, மூக்கோர முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். புதிதாகப் பார்க்கும் மருத்துவரிடம் எந்தக் கண்ணில், எந்த வருடம் டி.சி.ஆர். நடந்தது என்று சொல்லுங்கள். அறுவைச் சீட்டைச் சர்க்கரை, பி.பி. சீட்டுகளோடு ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.